விடுமுறையில் காயாத தோட்டம்: கல்லூரி மாணவர்கள் கூடிப் பயிர் செய்ய ஒரு வழிகாட்டி

எங்கள் முதல் தோட்டத்தைப் பூச்சி அழிக்கவில்லை, நோயும் அழிக்கவில்லை. தேர்வு முடிந்ததும் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டோம். மூன்று வாரம் கழித்து வந்து பார்த்தால் பன்னிரண்டு தக்காளிச் செடியும் சுள்ளியாக நின்றன. காய்கள் கொத்தோடு சுருங்கிக் காம்பிலேயே தொங்கின. தண்ணீர்க் குழாய் இருபதடி தூரத்தில்தான் இருந்தது. அதன் சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் சில தோட்டங்கள் போட்டாயிற்று. புதிதாகத் தொடங்குகிறவர்கள் வந்து கேட்பது பெரும்பாலும் "என்ன விதை போடலாம், என்ன உரம் வைக்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "உங்களுக்கு லீவு எப்போது?" ஆகவே இந்தக் கட்டுரையும் நாட்காட்டியிலிருந்தே தொடங்குகிறது. மண்ணுக்குப் பிறகு வருவோம்.

## முதலில் நாட்காட்டி

ஒரு செமஸ்டரைப் பதினாறு வாரம் என்று வைத்துக்கொள்வோம். ஆள் சேர்க்கவும் அனுமதி வாங்கவும் முதல் இரண்டு வாரம் போய்விடும். கடைசி மூன்று வாரம் தேர்வு. அப்போது செடியை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. பாத்தி கட்ட ஒரு வாரம். மிச்சம் பத்து வாரம், அதாவது எழுபது நாள். இந்த எழுபது நாளுக்குள் விதைத்துப் பறிக்கக்கூடியது எது என்று பாருங்கள்.

கீரைகள் மூன்று, நான்கு வாரத்தில் கைக்கு வந்துவிடும். முள்ளங்கியில் சின்ன உருண்டை வகை 25 முதல் 30 நாள், நீள வகை அதைவிடக் கூடுதல். வெண்டை விதைத்த 45 முதல் 60 நாளில் பறிப்புக்கு வரும். குத்தாக வளரும் பீன்ஸும் ஏறக்குறைய அப்படித்தான். தக்காளியில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். நாற்றங்காலில் நான்கு வாரம், நட்ட பிறகு 60 முதல் 80 நாள்: கூட்டிப் பார்த்தால் செமஸ்டரே முடிந்துவிடுகிறது. தக்காளி வேண்டுமென்றால் வளர்ந்த நாற்றாக வாங்கி நடுங்கள். கத்தரியும் மிளகாயும் மாதக்கணக்கில் காய்க்கும். விடுமுறையில் பார்த்துக்கொள்ள ஆள் உறுதியான பிறகு அவற்றை வைக்கலாம். பூசணி ஆசை எல்லோருக்கும் வரும். மூன்று, நான்கு மாதம் பிடிக்கும், பாதித் தோட்டத்தையும் வளைத்துக்கொள்ளும். முதல் வருடம் வேண்டாம்.

இதோடு உங்கள் ஊரின் வெயிலையும் குளிரையும் பொருத்திப் பாருங்கள். கடும் வெயிலில் முள்ளங்கி காரமேறிக் கிழங்கு கட்டாமல் பூவுக்குப் போய்விடும். பீன்ஸ் பூவை உதிர்க்கும். வெண்டைக்கு நேர்மாறு, மண் குளிர்ந்திருந்தால் முளைக்கவே யோசிக்கும்.

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பார்கள். முதல் செமஸ்டருக்கு மூன்று பயிர் போதும்: ஒரு கீரை, முள்ளங்கி, வெண்டை அல்லது பீன்ஸ். கீரை நான்காவது வாரமே ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்துவிடும். குழு கலையாமல் இருக்க அந்த முதல் கட்டுக் கீரை செய்கிற வேலையை எந்தக் கூட்டமும் செய்யாது.

## யார் யார், யாருடைய இடம்

முதல் நாள் அறிவிப்பு வைத்தால் நாற்பது பேர் பெயர் எழுதுவார்கள். மூன்றாவது வாரம் எட்டுப் பேர் இருப்பார்கள். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, எட்டுப் பேருக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு மட்டும் போடுங்கள். நான்கு பாத்தி தாராளம். அகல உழுவதைவிட ஆழ உழு என்று சொன்னது நமக்கும்தான்.

தண்ணீர் முறையை இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். ஒருவராகப் போட்டால் அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று செடிக்கும் காய்ச்சல். "யார் வேண்டுமானாலும் ஊற்றலாம்" என்று விட்டால் யாரும் ஊற்றமாட்டார்கள், அல்லது மூன்று பேர் வந்து ஊற்றி வேரை அழுக வைப்பார்கள். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, இப்படிக் கூடிப் போடுவதைச் சமூகத் தோட்டம் என்பார்கள். அதில் அந்தச் 'சமூகம்' யார்? மாணவர்கள் மட்டும் கூடிச் செய்தால் அது ஒரு மன்றம், அவ்வளவுதான். சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வளாகத்தில் வேலை செய்பவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என எல்லோருக்கும் இதில் இடம் இருக்க வேண்டும். ஒரு பாத்தியை அவர்களுக்கென்றே ஒதுக்குங்கள். நாம் இடம் தருகிறோம் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். மண்ணில் கை வைத்த அனுபவம் நம்மைவிட அவர்களுக்கு அதிகம், அதோடு விடுமுறையில் வீட்டுக்குப் போகாத ஆட்களும் அவர்கள்தான். நியூயார்க்கில் 1973இல் லிஸ் கிறிஸ்டியும் அவருடைய நண்பர்களும் குப்பை குவிந்து கிடந்த ஒரு காலி மனையைச் சுத்தம் செய்து தோட்டமாக்கினார்கள். அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தத் தோட்டம் இருக்கிறது. இன்றும் தன்னார்வலர்கள்தான் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

வளாகத் தோட்டக்காரரை முதல் நாளே போய்ப் பாருங்கள். எங்கள் இரண்டாவது தோட்டத்துக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த இடத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது:

"தம்பி, இந்த இடம் வேணாம். மழை பெய்ஞ்சா முழங்கால் தண்ணி நிக்கும்."

"இப்போ நல்லாத்தானே இருக்குண்ணே?"

"இப்போ வெயில்காலம்ப்பா."

நாங்கள் மூன்று வாரம் அளந்து, வரைந்து, விவாதித்து முடிவு செய்த இடம் அது.

அனுமதியை வாய்வார்த்தையாக விடாதீர்கள். ஒரு பக்கக் கடிதம் போதும். இடத்தின் எல்லை, எத்தனை ஆண்டுக்கு, தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து, சாவி யாரிடம், பொறுப்பாசிரியர் யார், இடத்தை வேறு வேலைக்கு எடுப்பதாக இருந்தால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கடைசிக் குறிப்பை விட்டுவிட்டால், காய்க்கிற நேரத்தில் ஒருநாள் காலை மண் அள்ளும் இயந்திரம் வந்து நிற்கும்.

## இடம் பார்ப்பது

காய் காய்க்கிற செடிகளுக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கீரைகள் மூன்று, நான்கு மணி நேரத்தில் சமாளிக்கும். ஒரே இடத்தில் நின்று காலை ஒன்பது, நண்பகல், மாலை மூன்று என மூன்று வேளை கைபேசியில் படம் எடுங்கள். உயரமான கட்டடங்களுக்கு நடுவில் நிழல் எப்படி நகர்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். சூரியனின் பாதை பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

குழாய் எவ்வளவு தூரம் என்பது வெயிலுக்குச் சமமான கேள்வி. நான்கடிக்கு எட்டடிப் பாத்தி ஒன்று ஏறக்குறைய மூன்று சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். காய்கறிக்கு வாரம் 25 மி.மீ என்று பொதுக்கணக்கு வைத்தால் ஒரு பாத்திக்கு 75 லிட்டர், நான்கு பாத்திக்கு 300 லிட்டர். பத்து லிட்டர்ப் பூவாளியில் முப்பது நடை. குழாய் ஐம்பது மீட்டர் தள்ளி இருந்தால் வாரத்துக்கு மூன்று கிலோமீட்டர், அதில் பாதி பத்துக் கிலோவைத் தூக்கிக்கொண்டு. வெயில்காலத்தில் இது இரட்டிப்பாகலாம். முதல் வாரம் இது உடற்பயிற்சி, ஐந்தாவது வாரம் ஆள் வரமாட்டார்கள். ஒரு நீளக் குழாய் வாங்கிவிடுங்கள்.

மொட்டைமாடி என்றால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் ஒரு தொட்டிகூட ஏற்ற வேண்டாம். நீர் ஊறிய சாதாரண மண் ஒரு கன மீட்டர் 1,600 முதல் 2,000 கிலோ வரை இருக்கும். ஓரடி ஆழத்துக்குப் பாத்தி போட்டால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் அரை டன் உட்கார்ந்திருக்கும். சாதாரணத் தளங்கள் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. மாடியில் தென்னை நார்க்கழிவும் மக்கு உரமும் கலந்த லேசான கலவையைப் பைகளில் நிரப்பி, சுவரோரமாகவும் தூண்களுக்கு மேலாகவும் வைப்பதுதான் வழக்கம். எந்தத் தூண், எந்த உத்திரம் என்பதைச் சொல்ல வேண்டியவர் பொறியாளர்.

## நகரத்து மண்ணை நம்பலாமா?

சோதிக்காமல் நம்பக்கூடாது. காட்டு மண்ணுக்கு இல்லாத ஒரு கதை நகரத்து மண்ணுக்கு உண்டு. பழைய கட்டடங்களின் சுவரோரம் பெயிண்ட் உதிர்ந்து சேர்ந்த ஈயம் இருக்கும். பரபரப்பான சாலையோரங்களில் ஈயம் கலந்த பெட்ரோல் விட்டுப்போன மிச்சம் இருக்கும். அந்தப் பெட்ரோலின் விற்பனை உலகில் கடைசியாக நின்றது அல்ஜீரியாவில், 2021இல்தான். ஈயம் மக்கிப் போகாது, மழையில் கரைந்து ஓடியும் போகாது, மேல்மண்ணிலேயே தங்கிவிடும். தக்காளி போன்ற காய்களுக்குள் அது அதிகம் ஏறுவதில்லை. கீரையிலும் கிழங்கிலும் ஏறலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, இலையில் ஒட்டிய மண்ணும் கையில் ஒட்டிய மண்ணும் அப்படியே வாய்க்குப் போவதுதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கு வைத்திருந்த எச்சரிக்கை அளவு நெடுங்காலம் பத்து லட்சத்தில் 400 பங்காக இருந்தது. 2024இல் அதை 200ஆகக் குறைத்தார்கள்.

மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது கார அமிலத் தன்மை (pH), சத்துகளோடு ஈயத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சாதாரணச் சோதனையில் அது வராது. கார அமில அளவு 6 முதல் 7 வரை இருந்தால் பெரும்பாலான காய்கறிக்குச் சரி. வளாகத்திலேயே வேதியியல் துறை இருந்தால் ஒரு பேராசிரியரைப் பிடியுங்கள், யாரோ ஒருவருக்கு அது செய்முறைத் திட்டமாகவே ஆகிவிடும்.

காசில்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, நீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் போய்ப் படியும். வண்டல் சில மணி நேரத்தில். களி ஒரு நாளோ அதற்கு மேலோ மிதந்து நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். நீர் தெளிந்த பிறகு ஜாடியின் பக்கவாட்டில் மூன்று பட்டையையும் அளவுகோல் வைத்து அளந்துவிடலாம். எங்கள் ஜாடியில் நான்காவதாக ஒரு பட்டை இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் சிமெண்ட் துகளும் செங்கல் பொடியும். அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று அப்போதுதான் விசாரித்தோம்.

## மேட்டுப்பாத்தி

சந்தேகமான மண்ணின் மேல் மேட்டுப்பாத்தி கட்டி, வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து நிரப்புவதே பாதுகாப்பு. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதறி, கியூபாவுக்கு வந்துகொண்டிருந்த எரிபொருளும் உரமும் சுருங்கியபோது ஹவானாவின் காலி மனைகளில் இதைத்தான் செய்தார்கள். தரம் கெட்ட நிலத்தின் மேல் பக்கச்சுவர் எழுப்பி, மண்ணும் மக்கும் நிரப்பிய நீளப் பாத்திகள். 'ஆர்கனோபோனிகோ' என்று அதற்குப் பெயர்.

அகலம் நான்கடிக்கு மேல் போகக்கூடாது. இரண்டு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும், பாத்தி மேல் கால் வைத்தால் மண் இறுகிவிடும். ஆழம் ஓரடி. பாத்திக்கும் பாத்திக்கும் நடுவில் இரண்டடி நடைபாதை விடுங்கள். ஒன்றரை அடி போதும் என்று விட்டால் கூடையோடு குனிய முடியாது. பக்கத்துக்குச் செங்கல், கல், மூங்கில், பலகை எதுவும் ஆகும். ஆனால் பழைய ரயில் தண்டவாளக் கட்டைகள் வேண்டாம், அவற்றில் மரம் மக்காமலிருக்க ஏற்றும் கிரியோசோட் என்ற நச்சு எண்ணெய் ஊறியிருக்கும். மருந்து ஏற்றிய பழைய மரங்களில் ஆர்சனிக் இருக்கலாம், அவையும் வேண்டாம்.

அடியில் புல் இருந்தால் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒட்டுநாடாவை உரித்துவிட்டு, ஒன்றன் மேல் ஒன்று படியும்படி விரித்து நனையுங்கள். புல் செத்துவிடும், அட்டையும் சில மாதத்தில் மக்கிவிடும். ஆனால் மண்ணில் ஈயம் இருப்பது தெரிந்தால் அட்டையை மட்டும் நம்ப வேண்டாம், நீர் இறங்கும் துணி விரிப்பு ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். நிரப்புவதற்குப் பாதி நல்ல மண், மூன்றில் ஒரு பங்கு மக்கு உரம், மிச்சத்துக்கு நார்க்கழிவோ மணலோ. நான்குக்கு எட்டடி, ஓரடி ஆழம் என்றால் ஏறக்குறைய 900 லிட்டர் கலவை. கணக்குப் பார்க்காமல் நான்கு மூட்டை வாங்கி வந்து, பாத்தியின் ஒரு மூலையில் கொட்டிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள்.

## விதைப்பு

பழைய பாக்கெட் விதை என்றால் முதலில் முளைப்புத்திறனைப் பாருங்கள். ஈரத் துணியில் இருபது விதையைச் சுருட்டி, ஒரு டப்பாவில் வையுங்கள். ஒரு வாரத்தில் பதினாறு முளைத்தால் நல்ல விதை. பத்துதான் என்றால் இரண்டு மடங்கு தூவுங்கள். அதற்கும் கீழே என்றால் வேறு விதை.

ஆழம் விதையின் தடிமனைப்போல இரண்டு, மூன்று மடங்கு. வெண்டை விதையை முதல் நாள் இரவு ஊறவைத்துவிட்டு அரை அங்குல ஆழத்தில் ஊன்றலாம். கீரை விதை பொடி. அப்படியே தூவினால் ஓரிடத்தில் அடர்த்தியாகவும் ஓரிடத்தில் வழுக்கையாகவும் முளைக்கும். ஒரு பங்கு விதைக்கு ஏழெட்டுப் பங்கு மணல் கலந்து தூவி, கையால் லேசாகத் தடவி விடுங்கள். எறும்பு இருந்தால் விதையைச் சுமந்துகொண்டு போகும், இரண்டு நாள் கண் வைத்திருங்கள்.

முளைத்த பிறகு செய்ய வேண்டியது பயிர் கலைத்தல். புதியவர்களுக்கு மனசு வராத வேலை இது. முள்ளங்கி இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக நிற்க வேண்டிய இடத்தில் ஆறு நிற்கும், ஒன்றைப் பிடுங்கச் சொன்னால் ஏதோ பாவம் செய்வதுபோலத் தயங்குவார்கள். எங்கள் குழுவில் ஒரு பெண் ஒரு பாதியைக் கலைத்தாள். மறுபாதியைத் தொட அவளுடைய தோழி விடவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு பாதியில் கோலிக்குண்டு அளவில் முள்ளங்கி, மறுபாதியில் பென்சில் முனை போல வேர்கள். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்தே கலைக்கிறார்கள். பிடுங்கிய குட்டிச் செடிகளும் வீண் இல்லை, கழுவிச் சாப்பிடலாம்.

தக்காளி நாற்று நடும்போது தண்டின் பாதி வரை மண்ணுக்குள் புதையுங்கள், புதைந்த தண்டிலும் வேர் விடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இந்த வேலை வேண்டாம், நாற்றங்காலில் இருந்த ஆழமே போதும்.

## தண்ணீரும் மூடாக்கும்

விரலை மண்ணுக்குள் இரண்டு கணு வரை விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் இன்று வேண்டாம். மேல்மண் காய்ந்திருப்பதை மட்டும் பார்த்துத் தினமும் தெளித்துக்கொண்டிருந்தால் வேர் மேலேயே படர்ந்து, ஒருநாள் விட்டாலும் வாடும். வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை ஆழமாக நனையட்டும். முளைக்கிற விதைக்கும் புதிதாக நட்ட நாற்றுக்கும் மட்டும் இந்த விதி பொருந்தாது, அவற்றுக்குத் தினமும் ஈரம் வேண்டும். காலையில், வேரடியில் ஊற்றுங்கள். தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகினால் பூச்சியைத் தேட வேண்டாம். பெரும்பாலும் தண்ணீர் ஒழுங்கில்லாமல் போய், காய்க்குச் சுண்ணாம்புச் சத்து சரியாகச் சேராததுதான் காரணம்.

காய்ந்த இலை, வைக்கோல், புல் வெட்டு எது கிடைத்தாலும் மூன்று அங்குலம் மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டிப் போடாமல் கொஞ்சம் தள்ளி. வளாகத்தில் இலைச் சருகை எரிக்கிறார்கள் என்றால் உங்கள் தோட்டத்துக்கு வர வேண்டியதை எரிக்கிறார்கள் என்று அர்த்தம். போய்க் கேளுங்கள், சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள்.

## மக்கு உரக் குவியல்

விடுதிச் சமையலறைக் காய்கறிக் கழிவு பச்சைச் சரக்கு, சருகு பழுப்புச் சரக்கு. பச்சை ஒரு கூடை என்றால் பழுப்பு இரண்டு, மூன்று கூடை. கரிமம் 25 முதல் 30 பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்ற கணக்குக்கு இது கிட்டத்தட்ட வந்துவிடும். சமைத்த மிச்சம், எண்ணெய், இறைச்சி வேண்டாம், எலி வரும். குவியல் மூன்றடி நீள அகல உயரத்துக்குக் குறையக்கூடாது, சின்னதாக இருந்தால் சூடு நிற்காது. நன்றாக வேலை செய்கிற குவியலின் நடுவில் 55 முதல் 65 டிகிரி வரை போகும். அதிகாலையில் கிளறினால் ஆவி கிளம்பும். முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லோரும் கையை விட்டுப் பார்ப்பார்கள், உடனே எடுத்தும் விடுவார்கள்.

ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் சரி. ஒழுகினால் சருகு சேருங்கள், உதிர்ந்தால் நீர் தெளியுங்கள். நாற்றம் அடித்தால் காற்றில்லை, கிளற வேண்டும். இரண்டு, மூன்று மாதத்தில் மண்வாசனையோடு தயாராகிவிடும். பச்சைச் சாணத்தை நேரே பாத்தியில் போடாதீர்கள். அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி, மண்ணைத் தொடும் பயிரென்றால் சாணம் போட்டதிலிருந்து அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். நம் எழுபது நாளில் அது நடக்காது.

## பூச்சி

வாரம் இருமுறை இலையைத் திருப்பிப் பாருங்கள், ஆட்கள் எல்லாம் அடிப்பக்கத்தில்தான் இருப்பார்கள். அசுவினி (கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சி) என்றால் குழாய் நீரை வேகமாக அடித்தாலே பாதி போய்விடும். போகாவிட்டால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைவதற்கு ஓரிரு துளி சோப்புக் கரைசல், மாலை வேளையில் தெளிப்பு.

ஒரு எச்சரிக்கை. எங்கள் பீன்ஸ் செடியில் குட்டி முதலை மாதிரி, கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு சில புழுக்கள் ஊர்ந்தன. ஒரு தம்பி ஆர்வமாக எல்லாவற்றையும் நசுக்கிவிட்டு வந்து சொன்னான். அவை பொறிவண்டின் புழுக்கள், அசுவினியைத் தின்று தீர்க்கப் பிறந்தவை. அடுத்த வாரம் அசுவினி இரண்டு மடங்கு. அன்றிலிருந்து எங்கள் விதி: கொல்வதற்கு முன் படம் எடு, பெயர் கண்டுபிடி.

## படிப்பாக மாற்றுவது

ஒரு தடித்த நோட்டு வாங்குங்கள். விதைத்த நாள், முளைத்த நாள், ஊற்றிய தண்ணீர், பறித்த எடை எல்லாம் அதில் கையால் எழுதப்பட வேண்டும். கைபேசிக் குழுவில் போட்டால் மூன்று நாளில் பிறந்தநாள் வாழ்த்துக்கடியில் புதைந்துவிடும்.

சின்னச் சோதனைகள் செய்து பாருங்கள். ஒரு பாத்தியை ஆறு கட்டமாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கி மூன்றுக்கு மட்டும் மூடாக்குப் போடுங்கள். ஒரே விதை, ஒரே தண்ணீர். கீரையை அறுத்து எடை போடுங்கள். புள்ளியியல் மாணவர் ஒருவர் குழுவில் இருந்தால், மூன்று கட்டம் போதுமா, வித்தியாசம் தற்செயலா என்று ஒரு மாலைப்பொழுதே விவாதம் ஓடும். வகுப்பில் தூங்கியவர்கள்கூட அன்று தூங்கமாட்டார்கள்.

அறுவடையைப் பங்கிடும் விதியை விதைக்கும்போதே எழுதி ஒட்டிவிடுங்கள். வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு பங்கு, பக்கத்துக் குடியிருப்பாளர்களுக்கு ஒரு பங்கு, சமையலறைக் கழிவு தந்தவர்களுக்கு ஒரு பங்கு என்பதுபோல. காய் வந்த பிறகு பேசினால் மனஸ்தாபம்தான்.

## தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு

தேர்வுக்கு முந்தைய வாரம் இதை நினைத்தால் காலம் கடந்துவிடும். மூன்று வாரம் முன்பே எல்லோரும் பாத்தியோரம் நின்று, ஒவ்வொரு பாத்தியையும் என்ன செய்வது என்று முடிவு செய்யுங்கள்.

எனக்குப் பிடித்த வழி, முடிந்த பாத்தியைக் காலி செய்து தட்டைப்பயறோ சணப்பையோ விதைத்துவிடுவது. ஒருமுறை வேர் பிடித்தால் அதிகம் கேட்காது, களையையும் அடக்கும். திரும்பி வந்து பூக்கிற பருவத்தில் மடக்கி மண்ணிலேயே விட்டுவிடலாம். மடக்குவதற்கு முன் ஒரு செடியை மெல்லத் தோண்டி எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கிற பாக்டீரியா வேலையில் இருப்பதற்கு அதுதான் அடையாளம். நம் ரத்தத்துக்குச் சிவப்பு தருகிற புரதத்தின் உறவுக்காரப் புரதம் ஒன்றுதான் அந்த நிறத்தைக் கொடுக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

காய்த்துக்கொண்டிருக்கும் பாத்திகளைப் பக்கத்துக் குடியிருப்பாளர்களிடம் ஒப்படையுங்கள். "பார்த்துக்கோங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனால் போதாது. எந்த நாள், எந்தப் பாத்தி, எத்தனை பூவாளி என்று எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் கூடவே நின்று ஊற்றிக் காட்டுங்கள். அந்த நாட்களில் காய்ப்பதெல்லாம் அவர்களுக்கே என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நான்கு வெண்டைக்காய்க்கு யோசித்தால் நாற்பது செடி போகும். ஆள் கிடைக்காத இடத்தில் உயரத்தில் ஒரு டிரம், சொட்டுநீர்க் குழாய், நேரம் வைத்துத் திறக்கும் ஒரு கருவி என்று ஏற்பாடு செய்யலாம். அதைப் பூட்டிய அன்றே நம்பிப் போய்விடாதீர்கள், பத்து நாள் ஓட விட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். டிரம்மின் வாயைத் துணியால் இறுகக் கட்டுங்கள். கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். கொசு வந்தால் தோட்டத்தையே மூடச் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. தொட்டிச் செடிகளை எல்லாம் நெருக்கமாக நிழலில் சேர்த்து வையுங்கள்.

அடுத்த ஆண்டு கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் அதே பாத்தியில் அவற்றைத் திரும்ப வைக்காமல், பயறோ கீரையோ போட வேண்டும். இதற்காகவாவது எந்தப் பாத்தியில் எது நின்றது என்ற வரைபடம் நோட்டில் இருக்கட்டும்.

அந்த நோட்டையும் சாவியையும் இறுதியாண்டு மாணவர் ஒருவர் பூட்டி வைத்துக்கொள்ளக்கூடாது, இரண்டாம் ஆண்டில் இருப்பவர் கையில் இருக்க வேண்டும். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில், குழுவில் யாரோ சிவப்பு மையில் எழுதியது இன்னும் இருக்கிறது: "சாவி: காவலர் அறை, மூன்றாவது ஆணி. குழாய் எதிர்ப்பக்கம் திருகினால்தான் திறக்கும். உடைத்துவிடாதீர்கள், ஒருமுறை உடைத்தாயிற்று."